சொந்தமாகக் கட்டிய டேக்கில் ஃபில்டரை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் இசையை அனலாக் மின்னலையாக மாற்றும் பெட்டியை, சொந்தமாகக் கட்டுகிறவர்கள் டேக் என்றே சொல்வோம். போர்டு வாங்கி, பவர் சப்ளை கொடுத்து, பாட்டு வரவைத்த பிறகு அடுத்து எல்லோரும் கைவைக்க நினைப்பது ஃபில்டரில்தான். அப்போது என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்குத்தான்.

டேக்குக்குள்ள ஃபில்டர் எதுக்கு சார்? சிடியில இருக்கறத அப்படியே வெளிய விட்டா போதாதா?

சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள்கள், அதாவது அலையின் உயரத்தைக் குறிக்கும் எண்கள், இருக்கின்றன. இரண்டு சாம்பிளுக்கு நடுவே அலை எப்படிப் போகிறது என்று அதில் எழுதியிருக்காது. சாம்பிள்களைப் படிக்கட்டு வடிவிலேயே வெளியே விட்டால், உண்மையான ஒலியோடு அதன் பிம்பங்களும் சேர்ந்து வரும். ஒலியின் அதிர்வெண்ணை 44.1-லிருந்து கழித்தால் ஒரு பிம்பம், கூட்டினால் இன்னொன்று. 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 43.1-லும் 45.1-லும் வரும். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 24.1-லேயே வந்துவிடும். 20-ஐத் தொடாமல் விட வேண்டும், 24.1-ஐ முழுசாக வெட்ட வேண்டும். இடையில் இருப்பது 4 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான். ஃபில்டர் பற்றிய அத்தனை வாதங்களும் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

1982-ல் வந்த சோனி சிடிபி-101 இந்த வேலையைச் செங்குத்தான அனலாக் ஃபில்டரால் செய்தது. அதே காலத்தில் பிலிப்ஸ், 14 பிட் டிடிஏ1540 சிப்புக்கு முன்னால் டிஜிட்டல் ஃபில்டரை வைத்து வேகத்தை 4 மடங்காக்கியது. இதற்குப் பெயர் ஓவர்சாம்ப்ளிங். பிம்பங்கள் தூரத்துக்குப் போய்விடுவதால், கடைசியில் வரும் அனலாக் ஃபில்டர் எளிமையாக இருந்தாலே போதும். இன்று சந்தையில் கிடைக்கும் சிப்கள் ஏறக்குறைய எல்லாமே பிலிப்ஸ் காட்டிய வழியில் போகின்றன.

ஃபில்டர் மாத்தினா நிஜமாவே வித்தியாசம் கேக்குமா, இல்ல மனப்பிரமையா?

எதிலிருந்து எதற்கு மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 20 கிலோஹெர்ட்ஸ் வரை சமதளமாக இருந்து செங்குத்தாக வெட்டும் இரண்டு ஃபாஸ்ட் ஃபில்டர்களுக்கு இடையே வித்தியாசம் மிக மிகச் சிறியது. பெரும்பாலான காதுகளுக்கு, பெரும்பாலான பாட்டுகளில், அது எட்டாது என்றே நினைக்கிறேன். மெதுவாகச் சரியும் ஸ்லோ ரோல்-ஆஃப் ஃபில்டர் மேல்ஸ்தாயியைக் குறைக்கிறது. ஜால்ரா, சிம்பல் போன்றவற்றில் அது தெரியலாம். ஓவர்சாம்ப்ளிங்கே இல்லாத டேக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகவே கேட்கும்.

மனப்பிரமையா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. ஒரே பாட்டைக் கணினியில் இரண்டு வெவ்வேறு ஃபில்டர்களால் 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவு 0.1 டெசிபெல்லுக்குள் பொருந்த வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அப்புறம் ஃபூபார்2000-ல் உள்ள ஏபிஎக்ஸ் கருவியில் எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். போர்டில் ஒரு ஜம்பரைக்கூடத் தொடாமல் பதில் கிடைத்துவிடும்.

என் போர்டுல ஃபில்டர் மாத்த முடியுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சிப்பின் பெயரைப் பாருங்கள். விலை மலிவான ஊதா நிறப் பிசிஎம்5102ஏ போர்டில் இரண்டே தேர்வுகள்தான். பின்பக்கத்தில் நாலு சாலிடர் ஜம்பர்கள் இருக்கும், முதலாவதுதான் ஃபில்டருக்கு. அதைத் தாழ்நிலையில் வைத்தால் சாதாரண எஃப்ஐஆர் ஃபில்டர் (உள்ளே வரும் சாம்பிள்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது), உயர்நிலையில் வைத்தால் தாமதம் குறைந்த ஐஐஆர் ஃபில்டர் (தன் பழைய விடைகளையும் சேர்த்துக்கொள்வது). ஃபில்டரின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்களைத்தான் கெழுக்கள் என்கிறோம்; உங்கள் கெழுக்களை அதில் ஏற்ற வழியில்லை.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் மேல் பொருத்தும் பிசிஎம்5122 போர்டுகளில் இன்னும் கொஞ்சம் வசதி உண்டு. ஹைஃபைபெர்ரி டேக் பிளஸ் அந்த வகைதான். லினக்ஸின் ஆல்சாமிக்சரைத் திறந்தால் டிஎஸ்பி புரோகிராம் என்ற இடத்தில் சாதாரண எஃப்ஐஆர், தாமதம் குறைந்தது, வெட்டு அதிகமானது, ரிங்கிங் இல்லாதது என்று பட்டியல் வரும். அம்புக்குறியை நகர்த்தினாலே மாறிவிடும்.

இஎஸ்எஸ் நிறுவனத்தின் ஈஎஸ்9038க்யூ2எம் சிப்பில் தயார்நிலை ஃபில்டர்கள் 7 இருக்கின்றன. அதோடு சொந்தக் கெழுக்களை எழுத ஒரு நினைவகமும் உண்டு. சோக்ரிஸ் டேம்1021 இன்னும் ஒரு படி மேலே. தனித்தனி ரெசிஸ்டர்களால் ஏணிபோல் கட்டப்பட்ட டேக் அது. ஃபில்டர் வேலையை எஃப்பிஜிஏ, அதாவது உள்ளமைப்பை நாம் மாற்றி எழுதக்கூடிய சிப், பார்த்துக்கொள்கிறது. நாமே வடிவமைத்த ஃபில்டரை சீரியல் போர்ட் வழியாக ஏற்றலாம். ஃபில்டரோடு விளையாடுவதற்கென்றே ஒரு போர்டு வாங்குகிறீர்கள் என்றால் அதைத்தான் சொல்வேன்.

லீனியர் ஃபேஸ், மினிமம் ஃபேஸ், ஃபாஸ்ட், ஸ்லோ... ஒண்ணும் புரியல. எதை வைக்கட்டும்?

ஃபாஸ்ட், ஸ்லோ என்பது வெட்டு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஸ்லோ வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு முன்பே சரிவு தொடங்கிவிடும், பிம்பங்களும் கொஞ்சம் தப்பி வரும். லீனியர் ஃபேஸில் எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவு தாமதமாகும், அதனால் அலைவடிவம் குலையாது. மினிமம் ஃபேஸில் மொத்தத் தாமதம் குறைவு. ஆனால் வெட்டும் இடத்தை நெருங்க நெருங்க உயர் அதிர்வெண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிந்தி வரும்.

லீனியர் ஃபேஸ், ஃபாஸ்ட். இதில் தொடங்குங்கள். மாற்றுவதற்குக் காரணம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

லீனியர் ஃபேஸ்ல அடிக்கு முன்னாடியே அலை ஆடுதே! அந்தப் படத்தைப் பார்த்தா மிருதங்கம் கெட்டுப்போகும்னு தோணுது.

ப்ரீ-ரிங்கிங் என்று சொல்லப்படும் அந்த ஆட்டத்தைக் காட்டும் படங்கள் ஒரே ஒரு சாம்பிள் மட்டும் உயர்ந்திருக்கும் இம்பல்ஸை வைத்து எடுக்கப்பட்டவை. அப்படி ஒரு துடிப்பு ஒழுங்காகப் பதிவான இசையில் வராது. பதிவு செய்யும்போதே மைக்குக்குப் பின்னால் உள்ள மாற்றி 22.05-க்கு மேலுள்ளதை வடிகட்டிவிடுகிறது. அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணும் வெட்டும் இடமான 22 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் இருக்கும். அங்கே இசையில் சக்தி இல்லையென்றால் ஃபில்டர் ஆடுவதற்கும் ஒன்றுமில்லை. மிருதங்கத்தின் வலந்தலை எவ்வளவு கூர்மையாக விழுந்தாலும் அதன் சக்தியில் பெரும்பகுதி இதற்கு வெகு கீழே இருக்கிறது.

கவலைக்குக் கொஞ்சம் நியாயமான இடம் ஒன்று உண்டு. பதிவுக்கூட மாற்றியின் ஃபில்டரே 22.05 அருகில் ஆடியிருந்தால், அந்த ஆட்டம் பதிவோடு சேர்ந்தே வரும். அபோடைசிங் எனப்படும் ஃபில்டர்கள் வெட்டைச் சற்று முன்னதாகவே தொடங்கி, 22.05-க்குள் முழுசாக முடித்து, அந்த விளிம்பையே எடுத்துவிடும். பீட்டர் கிரேவன் 2004-ல் விளக்கிய யோசனை இது. எனக்கு இது பிடிக்கும். படத்தைப் பார்த்து மினிமம் ஃபேஸுக்கு ஓடுவதைவிட இதில் நியாயம் அதிகம்.

டேட்டாஷீட்ல 22.05-ல வெறும் மைனஸ் 6 டெசிபெல்னு போட்டிருக்கே, இது ஃபில்டரே இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஹாஃப்-பேண்ட் என்ற வகை அது. பாதிக் கெழுக்கள் பூஜ்யமாகிவிடுவதால் சிப்பில் கணக்கும் இடமும் மிச்சம். ஆனால் முழு வெட்டு 24.1-ல்தான் வரும். முதல் கேள்வியின் கணக்கைப் பாருங்கள்: 20 கிலோஹெர்ட்ஸின் பிம்பம் விழும் இடம்தான் அது. 20-க்கும் 22.05-க்கும் நடுவே பதிவில் ஏதாவது இருந்தால், அதன் பிம்பம் 22.05-க்கும் 24.1-க்கும் நடுவே பாதி வெட்டோடு தப்பி வரும்.

அது நேரடியாகக் காதுக்குக் கேட்காது. என்றாலும் சொந்தமாக ஃபில்டர் போட நல்ல காரணம் ஒன்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். 20 வரை சமதளம், 22.05-ல் முழு வெட்டு. இதை நாமே செய்துகொள்ள முடியும்.

ஃபில்டரே வேண்டாம்னு டிடிஏ1543 போர்டு கட்டினேன். குரல் இதமா இருக்கு, ஆனா ஜால்ரா மங்கலா இருக்கே அண்ணா?

படிக்கட்டு வடிவத்துக்கென்றே ஒரு சரிவு உண்டு. 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல், 20-ல் 3.2 டெசிபெல் குறையும். ஜால்ரா மங்குவது அதனால்தான். இதமாகத் தோன்றுவதற்கும் ஒரு பங்கு அதில் இருக்கும். கணினியில் எதிர்த்திசையில் ஒரு ஏற்றம் கொடுத்து இதைச் சரிசெய்யலாம். முதலில் மொத்த அளவை 4 டெசிபெல் இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

பிம்பங்களை மட்டும் அப்படிச் சரிசெய்ய முடியாது. 18 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் பிம்பம் 26.1-ல் நிற்கும். ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கொஞ்சம் கலந்துவிட்டால் வித்தியாசமான 8.1 கிலோஹெர்ட்ஸில் புதிதாக ஒரு ஒலி பிறக்கும், அது நன்றாகவே கேட்கும் இடம். டேக்குக்குப் பின்னால் ஒரு சிறிய அனலாக் ஃபில்டராவது வையுங்கள்.

சிப்பைத் தொடாம கம்ப்யூட்டர்லயே ஃபில்டர் போட முடியுமா?

முடியும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுதான். சிப்புக்குள் இடம் குறைவு, ஃபில்டரும் அதற்கேற்ற சமரசமாகத்தான் இருக்கும். பிசிஎம்5102ஏ-வின் சாதாரண ஃபில்டரில் வெட்டு ஆழம் 60 டெசிபெல்தான். ராஸ்பெர்ரி பை 4-ல் ஓடும், வேகத்தை மாற்றித்தரும் சாக்ஸ் மென்பொருள் இதைவிடப் பல மடங்கு ஆழமாக வெட்டும்.

எம்பிடி பிளேயரில், அல்லது அதன்மேல் கட்டப்பட்ட மூட் ஆடியோவில், சாக்ஸ் ரீசாம்ப்ளருக்குச் சொந்த அளவுகளைக் கொடுக்கலாம். நான் கொடுக்கச் சொல்வது இவை: பாஸ்பேண்ட் முடிவு (சரிவு தொடங்கும் இடம்) 91 சதவீதம், ஸ்டாப்பேண்ட் தொடக்கம் (முழு வெட்டு வரும் இடம்) 100, ஃபேஸ் 50, அட்டெனுவேஷன் (மொத்த ஒலி அளவை இறக்குவது) 4 டெசிபெல், துல்லியம் 28 பிட். 91 சதவீதம் என்பது 22.05-ல் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். ஃபேஸ் 50 என்றால் லீனியர், 0 என்றால் மினிமம். வெளியீட்டை 176.4 கிலோஹெர்ட்ஸாக வையுங்கள், அது 44.1-க்குச் சரியாக 4 மடங்கு. டேட்டாஷீட் பற்றிய கேள்வியில் சொன்ன 22.05 முழு வெட்டு இத்துடன் கிடைத்துவிடுகிறது.

அப்ப சிப்போட ஃபில்டர் என்னாகும்? ஃபில்டர் மேல ஃபில்டரா?

ஆமாம், சிப்பின் ஃபில்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் வெட்டு உள்ளே வரும் வேகத்தோடு சேர்ந்து நகரும். 176.4 கொடுத்தால் அதன் வெட்டு 88.2 அருகில் போய்விடும். உங்கள் இசை 20-க்குள் முடிந்துவிடுவதால் அங்கே அதற்குத் தொந்தரவு செய்ய எதுவும் இல்லை. சிப் ஸ்லோவில் இருந்தாலும் ஃபாஸ்டில் இருந்தாலும் இப்போது பெரிதாக மாறாது. முன்பு தேர்வு செய்யத் திணறிய கேள்வியே இங்கே காணாமல் போய்விடுகிறது.

அந்த 4 டெசிபெல் எதுக்கு? சத்தம் குறையுதே. 16 பிட்டுல தகவல் போயிடாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சாம்பிள்கள் உச்ச அளவைத் தாண்டாவிட்டாலும், அவற்றுக்கு நடுவே போகும் அலை தாண்டலாம். 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையின் முகடுகள் சாம்பிள்களுக்குச் சரியாக நடுவில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள்களை உச்சத்துக்கு ஏற்றினால் உண்மையான முகடு 3 டெசிபெல் மேலே நிற்கும். ஃபில்டர் நடுப்புள்ளிகளைக் கணக்கிடும்போது இடம் இல்லாமல் அங்கே வெட்டுப்படும். சத்தத்தை இழுத்து ஏற்றி மாஸ்டர் செய்த இன்றைய பாட்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் கரகரப்பு குறைந்ததாகச் சொல்கிறவர்கள் பலர் உண்மையில் கேட்பது இந்த இடம் கிடைத்ததைத்தான்.

தகவல் போகாது. கணக்கு 24 அல்லது 32 பிட்டில் நடக்கிறது. 24 பிட்டின் வீச்சு 144 டெசிபெல். அதில் 4-ஐ விட்டுக்கொடுத்தாலும் 16 பிட் பதிவு முழுசாக உள்ளே அடங்கும். குறைந்த சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சொந்தமா கெழுக்களை உருவாக்கணும்னா எங்க தொடங்கறது? எத்தனை வேணும்?

பைதான் தெரிந்தால் சைபை நூலகத்தில் எஃப்ஐஆர் வடிவமைக்கும் கருவிகள் தயாராக இருக்கின்றன. கெழுக்களின் ஓரங்களை மெல்லக் குறைக்கும் கைசர் ஜன்னல் என்ற முறையில் தொடங்குங்கள். நிரல் எழுத விருப்பமில்லையென்றால் ரீஃபேஸ் என்ற இலவச மென்பொருளில் வளைவை இழுத்தே செய்யலாம்.

எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வேண்டிய வெட்டு ஆழத்தை 22-ஆல் வகுத்து, வெளியீட்டு வேகத்தால் பெருக்கி, வெட்டுவதற்குக் கிடைக்கும் இடைவெளியால் வகுக்க வேண்டும். 120 டெசிபெல், 352.8 கிலோஹெர்ட்ஸ், 20-லிருந்து 22.05 வரை என்றால் ஏறத்தாழ 940 கெழுக்கள். இப்போது 44.1-ஐ 88.2 ஆக்கும் ஒரு கட்டத்தில் 128 கெழுக்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 24.1 வரை இடம் கொடுத்தால் 130 டெசிபெல் கிடைக்கும், 22.05-க்குள் முடிக்கச் சொன்னால் 65-தான். சிப் செய்கிறவர்கள் ஏன் ஹாஃப்-பேண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

இன்னொன்று. வேகத்தை உயர்த்தும்போது நடுவில் பூஜ்யங்கள் நுழைவதால் ஒலி அளவு அந்த மடங்குக்குக் குறையும். 8 மடங்கு உயர்த்தும் ஃபில்டரின் கெழுக்களைக் கூட்டினால் 1 வரக்கூடாது, 8 வர வேண்டும். சில போர்டுகள் இந்தப் பெருக்கலைத் தாங்களே செய்துகொள்ளும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்9038-க்குள்ள அந்தக் கெழுக்களை எப்படி எழுதறது?

சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பான ஐ ஸ்கொயர்டு சி வழியாக, ஆர்டுயினோ போன்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து. க்யூ2எம் சிப்பில் 40 முதல் 44 வரையுள்ள ரெஜிஸ்டர்கள் (சிப்பின் அமைப்புகளை எழுதும் இடங்கள்) இதற்கானவை. 44-ல் எழுத அனுமதியைத் திறந்து, 40-ல் முகவரியைக் கொடுத்து, 41 முதல் 43 வரை 24 பிட் எண்ணை மூன்று பைட்டாக வைக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு 128 கெழுக்கள். இரண்டாம் கட்டத்துக்கு முகவரியின் மேல் பிட்டை ஏற்றிக்கொண்டு எழுத வேண்டும். எல்லாம் முடிந்ததும் அனுமதியை மூடிவிட்டு, சொந்த ஃபில்டரை இயக்கும் பிட்டைப் போடுங்கள். தசம எண்ணை 8388607-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கி, எதிர்மறை எண்களை இரண்டின் நிரப்பி வடிவில் எழுதினால் சரி.

மின்சாரம் நின்றால் கெழுக்கள் அழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஆர்டுயினோவே திரும்ப எழுத வேண்டும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட், சிப் 3.3 வோல்ட், நடுவே லெவல் ஷிஃப்டர் இல்லாமல் இணைக்காதீர்கள். மலிவான சில போர்டுகளில் ஏற்கெனவே ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர் அதே கம்பியில் பேசிக்கொண்டிருக்கும். அதை ரீசெட்டில் பிடித்துவைத்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

தப்பா எழுதினா ஸ்பீக்கர் போயிடுமா தம்பி? பயமா இருக்கு.

போகலாம், பயம் நியாயமானதே. ஒரு குறியீடு மாறினாலும் முழு அளவில் இரைச்சல் வரக்கூடும், டிசி மின்னழுத்தம்கூட வரலாம். முதல் முறை ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிடுங்கள். டேக் வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள், சும்மா இருக்கும்போதும் பாட்டு ஓடும்போதும். அப்புறம் அடுத்த கேள்வியில் சொல்லும் அளவீடு. அதிலும் ஒழுங்காக வந்தால் பழைய மலிவான ஸ்பீக்கர், குறைந்த சத்தம். நல்ல ஸ்பீக்கரின் ட்வீட்டர் கடைசியில்தான் வர வேண்டும்.

நான் போட்ட ஃபில்டர் வேலை செய்யுதான்னு ஆசிலோஸ்கோப் இல்லாம பார்க்க முடியுமா?

192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால் போதும். ஆடாசிட்டியில் 44.1 வேகத்தில் வெள்ளை இரைச்சல் உருவாக்கி டேக்கில் ஓடவிட்டு, வெளியீட்டை 192-ல் பதிவு செய்யுங்கள். ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் ஃபில்டரின் வடிவம் 96 வரை அப்படியே வரைந்திருக்கும். எங்கே சரிவு, எங்கே முழு வெட்டு, பிம்பம் எவ்வளவு மிச்சம், எல்லாம் ஒரே படத்தில் தெரியும்.

உறுதிப்படுத்த 19-ம் 20-ம் கிலோஹெர்ட்ஸ் சைன் அலைகளைச் சேர்த்து ஓட்டுங்கள். 25.1-லும் 24.1-லும் கோடுகள் நின்றால் ஃபில்டர் ஏறவில்லை, அல்லது போதவில்லை. ஓட்டும் அளவு சிறியதாக இருக்கட்டும்; இந்தச் சோதனையின்போதும் ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கக்கூடாது.

44.1-க்கு செஞ்ச ஃபில்டர் 96 பாட்டுக்கும் சரிவருமா?

கெழுக்களுக்குக் கிலோஹெர்ட்ஸ் தெரியாது, வேகத்தின் விகிதம்தான் தெரியும். 44.1-ல் 20-லிருந்து 22.05-க்குள் வெட்டுவது 96-ல் 43.5-லிருந்து 48-க்குள் வெட்டும். தவறில்லை, ஆனால் அங்கே அவ்வளவு செங்குத்து தேவையுமில்லை. 96-க்கு 20-லிருந்தே மெதுவாகச் சரியும் ஃபில்டர் அழகாகப் பொருந்தும். வேகம் மாறும்போது மைக்ரோகண்ட்ரோலர் வேறு தொகுப்பை எழுதும்படி செய்துகொள்ளலாம்.

அதே கெழுக்கள்ல ரூம் பேஸ் பிரச்சினையையும் சரிபண்ணிடலாமே?

128 கெழுக்களில் நடக்காது. 88.2 வேகத்தில் 128 சாம்பிள் என்பது 1.45 மில்லிநொடி. அவ்வளவு குறுகிய ஃபில்டரால் சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தனித்துப் பிரித்துத் தொட முடியாது. அறையில் தொல்லை கொடுக்கும் 50 ஹெர்ட்ஸ் எங்கே! அந்த வேலையை, கணினியில் ஓடும் கேமில்லாடிஎஸ்பி என்ற ஃபில்டர் மென்பொருளுக்குக் கொடுங்கள். பேஸுக்குச் சில பைக்வாட் ஃபில்டர்களே (ஐந்தே கெழுக்கள் கொண்ட சிறிய ஐஐஆர் ஃபில்டர்கள்) போதும். 65,536 கெழுக்கள் கொண்ட நீண்ட லீனியர் ஃபேஸ் எஃப்ஐஆரும் போடலாம், ஆனால் 44.1-ல் அதன் தாமதம் 743 மில்லிநொடி. டிவி பார்க்கும்போது உதடும் பேச்சும் ஒட்டாது. ஒப்பிட்டால், மேலே சொன்ன 940 கெழு ஃபில்டரின் தாமதம் ஒன்றரை மில்லிநொடிகூட இல்லை.

நான் கேக்கறதெல்லாம் ஸ்ட்ரீமிங்கும் பழைய எம்பி3-யும்தான். இவ்வளவு மெனக்கெடறதுல பிரயோஜனம் உண்டா?

ஃபில்டரின் வெட்டு வடிவத்தில் பெரிய பிரயோஜனம் இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே எல்லாம் நின்றுவிடும். அதன் கிட்டத்துப் பிம்பம் 28.1-க்கு மேல்தான், சாதாரண ஃபில்டரே அதைச் சுலபமாக எடுத்துவிடும்.

ஆனால் அந்த 4 டெசிபெல் இடம் சிடியைவிட இங்கேதான் அதிகம் தேவை. சுருக்கிய கோப்பை விரிக்கும்போது முகடுகள் மூலத்தைவிட உயர்ந்து வரும், விரித்த இடத்திலேயே வெட்டுப்படவும் செய்யும். டேக்குக்கு வந்தபின் குறைத்தால் அது திரும்பாது. அதனால் பிளேயரிலேயே, கோப்பை விரிக்கும் கட்டத்தில் மிதவைப்புள்ளி கணக்கை இயக்கிவிட்டு, அங்கேயே அளவை இறக்குங்கள். எம்பிடியில், பாட்டுகளின் ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளே கெயினைப் போட்டுக்கொண்டால் பாட்டுக்குப் பாட்டு அதுவே பார்த்துக்கொள்ளும்.